இடப்பக்கம் நின்று பேசவும்

8-2-2023, புதன்

முதல் ஷிப்ட் முடிந்து வந்து இன்னும் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "ஏங்க, இந்தக் காதுல வண்டு ஒண்ணு கொய்யினு கத்திக்கினே இருக்குது" என்று திலகா வலது காதைக் காட்டினாள். டார்ச் அடித்துப் பார்த்தேன். வண்டும் இல்லை, அழுக்கும் இல்லை.

எனக்குக் காரணம் தெரியும். நேற்று சாயங்காலம் ஐந்தரைக்கு ஓசூரிலிருந்து புவனா போன் செய்தாள். ஏழே காலுக்குத்தான் வைத்தார்கள். தாயும் மகளும் அப்படி என்னதான் பேசுவார்கள்? ரசத்துக்கு எத்தனை மிளகு என்று கேட்க ஒன்றே முக்கால் மணி நேரமா? போனை வைத்தபோது அவள் காது சிவந்திருந்தது. நானே பார்த்தேன்.

ஜனவரி தோறும் கம்பெனியில் தரும் டைரியில் இதுவரை கன்வேயர் ரோலர் நம்பர்களைத் தவிர ஒன்றும் எழுதியதில்லை. இந்த வருஷ டைரியை வீட்டுக்கு ஒதுக்கிவிட்டேன். நாங்கள் நிலக்கரி வெட்டும் மைன்ஸில் ஒரு மண்கட்டி சரிந்தால், ஆள்மேல் விழாவிட்டால்கூட எழுதி வைக்கிறோம். வீட்டில் நடப்பதை எழுதுவதற்கு மட்டும் ஆள் கிடையாது.

12-2-2023, ஞாயிறு

சேஃப்டி கமிட்டியில் பதினோரு வருஷமாக இருக்கிறேன். ஆபத்தை எடைபோட எங்களிடம் ஒரு கணக்கு உண்டு. நேர்ந்தால் எவ்வளவு கேடு, அதன் பக்கத்தில் எத்தனை நேரம் நிற்கிறோம், நேர எவ்வளவு வாய்ப்பு. மூன்றுக்கும் மார்க் போட்டுப் பெருக்கினால் போதும். பயம், பாசம், அழுகை எதற்கும் அதில் இடமில்லை. இன்று காலை வீட்டுக்கே போட்டுவிட்டேன்.

செல்போன் — அறுநூறு. வைஃபை பெட்டி — முந்நூறு. புவனா முதல் சம்பளத்தில் வாங்கி அனுப்பிய மைக்ரோவேவ் — இருநூற்று நாற்பது. கொசுவுக்கு மாட்டும் லிக்விட் — தொண்ணூறு. மிக்ஸி — இருபது.

அறுநூறு என்றால் மைன்ஸில் வேலையையே நிறுத்திவிடுவோம்.

பக்கத்து குவார்ட்டர்ஸ் மைக்கேலிடம் காட்டினேன். என் ஷிப்ட்காரன்தான். எதையும் உருப்படியாக யோசிக்க மாட்டான். "செல்போனுக்கு வாய்ப்பு ஆறுன்னு போட்டிருக்கீங்களே, அது எங்கேருந்து வந்துச்சிண்ணே?" என்றான். தலையில் கட்டி, மூளையில் சூடு என்று ஒரு டாக்டர் பேசிய வீடியோவைச் சொன்னேன்.

"அந்த வீடியோவ எதுலண்ணே பாத்தீங்க?"

இவனுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. என் போன் வேலைக்கு. பம்ப் நின்றுவிட்டது, பெல்ட் கிழிந்துவிட்டது என்று கூப்பிடுவார்கள். ரசத்துக்கு மிளகு கேட்டு யாரும் கூப்பிடுவதில்லை.

26-2-2023, ஞாயிறு

முடிவெடுத்தாயிற்று. திலகாவின் போனை எவர்சில்வர் முறுக்கு டப்பாவில் போட்டு மூடி, பீரோ மேல் வைத்துவிட்டேன். மூடிய பிறகு என் போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக அந்த அம்மாள் சொன்னாள். டப்பா நல்ல டப்பா.

இனி ஞாயிற்றுக்கிழமை மட்டும் பத்து நிமிஷம். ஸ்பீக்கரில் போட்டு, ஒரு கை தூரத்தில் வைத்துப் பேசலாம். திலகா அடுப்படியிலிருந்து வரவேயில்லை. அங்கிருந்தே சொன்னாள்: "ஸ்பீக்கர்ல போட்டா தெருவுக்கே கேக்கும். எங்கிட்ட மட்டும் சொல்லுறதுக்கு அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் இருக்காதா?"

"அப்படி என்ன ரகசியம்?" என்றேன்.

குழம்பில் உப்பு இல்லை. சாப்பிட்டேன்.

5-3-2023, ஞாயிறு

முதல் ஸ்பீக்கர் ஞாயிறு. பத்து நிமிஷத்தில் ஆறு நிமிஷம் புவனா என்னிடம்தான் பேசினாள். "அப்பா, அம்மா இப்பல்லாம் எல்லாத்தையும் ரெண்டு தரம் கேக்குறாங்க. பேசிக்கிட்டே போன எடது காதுக்கு மாத்திக்கிறாங்க. ஒரு காது டாக்டர பாத்துருங்கப்பா."

வலது காது கெட்டதே இந்த செல்போனால்தான். இடது காதுக்கு மாற்றினால் அடுத்து இடதும் கெடும். இதற்கு டாக்டர் எதற்கு? கெடுப்பதை எடுத்துவிட்டால் கெட்டது தானாகச் சரியாகும். அப்படியே சொன்னேன்.

இரண்டு தரம் கேட்கிறாளாம்! இந்த வீட்டில் யாருக்கு ஒரு தரத்தில் கேட்கிறது? முப்பத்திரண்டு வருஷமாக கன்வேயர் ஓரத்தில் நிற்கிறவன் நான். மெதுவாகப் பேசத் தெரியாது. எனக்குக் கேட்க வேண்டுமென்று திலகாவும் கத்தியே பழகிவிட்டாள். டிவியும் கத்தும். கல்யாணமான புதிதில் முத்தாண்டிக்குப்பத்திலிருந்து வந்த மாமனார் வாசலிலேயே நின்றுவிட்டார், உள்ளே சண்டை என்று நினைத்து. நாங்கள் தோசை வேண்டுமா, இட்லி வேண்டுமா என்று பேசிக்கொண்டிருந்தோம். எங்கள் பிளாக்கில் பாதி வீடு இப்படித்தான்.

காதுக்கு வைக்கும் பஞ்சடைப்பான் கம்பெனியில் தருகிறார்கள். நான் வைப்பதில்லை. வைத்தால் ரோலர் சத்தம் கேட்காது. பெல்ட்டுக்கு அடியில் ஆயிரம் ரோலர் ஓடும்போது ஒன்று மட்டும் பேரிங் போய்க் கத்தும். அதைக் காதால் பிடிக்க வேண்டும். பிடித்தால் பெல்ட்டை நிறுத்து, அப்புறம் காரணம் தேடு. விட்டால் சூடேறித் தீப்பிடிக்கும். "சிங்காரவேல் காதுல விழாத ரோலரே கிடையாது" என்று இன்ஜினீயரே சொல்லியிருக்கிறார்.

19-3-2023

ஸ்பீக்கர் ஞாயிறு. புவனா மூன்று நிமிஷத்தில் வைத்துவிட்டாள். நல்லது.

17-4-2023, திங்கள்

காலையில் காபி கொடுக்கும்போது திலகா தானாகவே சொன்னாள்: "அந்த வண்டு சத்தம் இப்ப இல்லிங்க. நின்னுபோச்சி."

நின்றுவிட்டது! சரியாக ஐம்பது நாள். ஒரு மாத்திரை இல்லை, ஒரு ஊசி இல்லை. படித்த மகள் டாக்டரிடம் போ என்கிறாள், படிக்காத நான் ஒரு முறுக்கு டப்பாவில் சரி செய்துவிட்டேன். மைக்கேலைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அப்ப முறுக்க எதுல வெப்பீங்க?" என்றான். பொறாமை.

இவ்வளவு நாள் ஒத்துழைத்தாள் என்று டப்பாவைத் திறந்து போனைக் கையில் கொடுத்தேன். தினம் இருபது நிமிஷம், கடிகாரம் பார்த்து. வாங்கியவுடனே பின்கட்டுக்கு எடுத்துக்கொண்டு ஓடினாள். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் நான் வாங்கித் தந்த எதையும் அவள் அப்படி எடுத்துக்கொண்டு ஓடியதில்லை.

3-6-2023, சனி

வைஃபை பெட்டியைச் சுற்றி சமையல் அலுமினியத் தாள் ஒட்டினேன். நான்கு நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்க வந்த புவனா, லேப்டாப் ஓடவில்லை என்று இரண்டாம் நாளே ஓசூர் பஸ் ஏறிவிட்டாள். பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்க்காமல் அம்மாவிடம் மட்டும், "போன் பண்றேம்மா" என்றாள். திலகா "என்னாது?" என்றாள். பஸ் சத்தம்.

10-9-2023, ஞாயிறு

மெயின் பஜாரில் பெரிய கண்டம் ஒன்று தப்பியது. கறி வாங்கிக்கொண்டு ரோட்டைக் கடந்தோம். வலப்பக்கமிருந்து பேட்டரி ஸ்கூட்டர் ஒன்று வந்து திலகாவின் பையை அடித்துக்கொண்டு போனது. கறி ரோட்டில். ஒரு முழம் உள்ளே வந்திருந்தால் இடுப்பெலும்பு போயிருக்கும். ஓட்டி வந்த பெண் இறங்கி, "ஆண்ட்டி, எவ்ளோ ஹாரன் அடிச்சேன்! திரும்பவே இல்லையே" என்று பதறினாள்.

ஹாரனாவது! இந்த வண்டிகளுக்குச் சத்தமே கிடையாது. பூனை மாதிரி வந்து ஆளைத் தள்ளும். பழைய பெட்ரோல் வண்டி என்றால் தெருமுனையிலேயே கேட்கும். வீட்டுக்கு வந்ததும் பட்டியலில் சேர்த்தேன்: பேட்டரி ஸ்கூட்டர் — முந்நூற்று அறுபது. டவுன்ஷிப் ஆபீசுக்கும் மூன்று பக்கம் எழுதிப் போட்டேன்.

திலகா ராத்திரி வரை, "அந்தப் பொண்ணு அடிச்சிருப்பாதாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இடித்தவளுக்கே பரிந்து பேசுகிற ஆள்.

14-10-2023

துணி உலர்த்தும்போது திலகா கொடிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். கிறுகிறுப்பாம். ரத்தசோகையாக இருக்கும். பேரீச்சம்பழம் வாங்கினேன்.

21-1-2024, ஞாயிறு

நேற்று சேஃப்டி வாரம் நிறைவு விழா. 'வீட்டிலும் பாதுகாப்பு' என்ற தலைப்பில் பேச்சுப்போட்டி. ஒன்பது பேர் பேசினார்கள். எட்டு பேர் காஸ் சிலிண்டர், குக்கர், வழுக்கும் பாத்ரூம். நான் ஒருவன்தான் செல்போன். பட்டியலை வாசித்தேன், கணக்கை விளக்கினேன். கடைசியில் திலகாவை எழுந்து நிற்கச் சொல்லி, "இதோ என் மனைவியின் காதே சாட்சி" என்றேன். நல்ல கைத்தட்டல்.

முதல் பரிசு ஒரு சுவர்க் கடிகாரம், சான்றிதழோடு. ஹாலில் மாட்டியிருக்கிறேன். மாட்டும்போதே செகண்டு முள் உதிர்ந்து கண்ணாடிக்கு அடியில் விழுந்துவிட்டது. பரவாயில்லை, பரிசுக் கடிகாரம்.

வரும் வழியில் திலகா எனக்கு முன்னால் வேகவேகமாக நடந்தாள். மேடைக் கூச்சம்.

31-3-2024, ஞாயிறு

எப்படி எழுதுவது?

ஈஸ்டர். மைக்கேலின் மனைவி மேரிசெல்வி பிரியாணிப் பாத்திரத்தோடு வந்தாள். முப்பது வருஷம் நர்ஸாக வேலை பார்த்து போன வருஷம்தான் ரிடையரானவள். அப்போது திலகா ஸ்டூல் போட்டுப் பரிசுக் கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். என் வாட்சுக்கும் அதற்கும் பத்து நிமிஷம் வித்தியாசம், பேட்டரி போயிருக்கும் என்று காலையிலேயே சொல்லியிருந்தேன். கடிகாரத்தை வலது காதில் வைத்துப் பார்த்தாள்.

"நின்னுபோச்சிங்க."

என்னிடம் கொடுத்தாள். நானும் காதில் வைத்தேன். எனக்கும் ஒன்றும் கேட்கவில்லை. "நின்னுதான் போச்சு" என்று புது பேட்டரி தேடப் போனேன். மேரிசெல்வி கடிகாரத்தை வாங்கினாள். "ஓடிக்கினுதானே இருக்குது! நல்லாக் கேக்குதே" என்றாள். நாங்கள் இருவரும் அவளைப் பார்த்தோம். செகண்டு முள் இருந்திருந்தால் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டிருப்போம்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. பெல்ட்காரன் காது, வேறென்ன! மேரிசெல்வி சிரிக்கவில்லை. கடிகாரத்தைத் திலகாவின் இடது காதில் வைத்தாள்.

"கேக்குதாக்கா?"

"ம். டிக்கு டிக்குனு கேக்குது."

வலது காதில் வைத்தாள்.

"இப்ப?"

"எடுத்துட்டியா?" என்றாள் திலகா.

கடிகாரம் காதோடு ஒட்டியிருந்தது.

மேரிசெல்வி மூன்று தடவை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். அப்புறம் ஸ்டூலில் உட்கார்ந்து, "எத்தினி நாளாக்கா?" என்றாள். திலகா என்னைப் பார்த்தாள். என்னைத்தான் பார்த்தாள். "ரொம்ப நாளாச்சி" என்றாள்.

பிரியாணி அப்படியே ஆறிப்போனது.

1-4-2024

ஒரே வீட்டில இருக்கேன். ஒரே பாயில படுக்கறேன். அவளுக்கு ஒரு பக்கம் கேக்கலன்னு எனக்குத் தெரியாதா? எப்படித் தெரியாம போச்சு? கத்திக் கத்தியே பேசினா எந்தக் காதுல கேக்குதுன்னு யாருக்குத் தெரியும்?

ஸ்கூட்டர் வந்தது வலப்பக்கம்.

அந்தப் பொண்ணு ஹாரன் அடிச்சிருக்கா.

9-4-2024, செவ்வாய்

புதுச்சேரியில் காது டாக்டர். கண்ணாடி அறைக்குள் திலகாவை உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டினார்கள். சத்தம் கேட்டால் கை தூக்க வேண்டும். இடது காதுக்குத் தூக்கிக்கொண்டே இருந்தாள். வலது காது முறை வந்தது. கையை மடியில் வைத்தபடி கண்ணாடி வழியே என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'தூக்கு, தூக்கு' என்று வெளியே நின்று என் கை தானாக மேலே போனது. அங்கிருந்த பெண், "சார், நீங்க தூக்கக் கூடாது" என்றாள்.

ஒரு பக்கம் மட்டும் இப்படிப் போனால் தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தே தீர வேண்டுமாம்.

16-4-2024, செவ்வாய்

ஸ்கேன் மெஷினுக்குள் அனுப்பும் முன்னால் டாக்டரம்மாவிடம் கேட்டேன்: "இதுல கதிர்வீச்சு எவ்வளவும்மா?" சின்னப் பெண், புவனாவைவிட நான்கைந்து வயது மூத்திருப்பாள். "இதுல கதிர் கிடையாது சார், காந்தம்தான்" என்றாள். முட்டாளே, இந்த நேரத்திலும் கணக்கா என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். ஆனாலும் கேட்டேனே.

படம் வந்ததும் அவளே விளக்கினாள். காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் கட்டி. மூன்றரை சென்டிமீட்டர். புற்று இல்லை. மெதுவாக, வருஷக்கணக்கில் வளர்வது. ஆனால் மூளைத்தண்டை அழுத்த ஆரம்பித்துவிட்டது. தலையைத் திறந்து எடுக்க வேண்டும்.

"செல்போனாலயாம்மா?" என்றேன். ஆமாம் என்று சொல்லிவிட மாட்டாளா என்று இருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. ஆமாம் என்று சொல்லியிருந்தால் நான் ஜெயித்திருப்பேன்.

"போனால வந்துதுன்னு சொல்ல ஆதாரம் இல்ல சார். ஆராய்ச்சி நடந்துக்கிட்டுதான் இருக்கு. இது வர்றதுக்குப் போன் வேணும்னே இல்ல. இரைச்சல் முதல்ல எப்ப ஆரம்பிச்சுது, ஞாபகம் இருக்கா?"

எனக்கா ஞாபகம் இருக்காது? பையிலிருந்து போன வருஷ டைரியை எடுத்துப் புரட்டிக் காட்டினேன். எட்டு, இரண்டு, இருபத்துமூன்று. புதன்கிழமை. முதல் ஷிப்ட் முடிந்து வந்தபோது. ஆபீசர் கேட்ட ரெக்கார்டை உடனே எடுத்துக் கொடுத்த மிதப்பு ஒரு நொடி எனக்கு இருந்தது. அந்தப் பெண் தேதியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"பதினாலு மாசம். அப்ப எந்த டாக்டர்கிட்ட காட்டினீங்க?"

திலகாதான் சொன்னாள். "காட்டல டாக்டர். போன டப்பாவுல போட்டு வெச்சோம்."

வெச்சோம் என்றாள். வெச்சாரு என்று சொல்லவில்லை.

"அப்ப கட்டி எவ்ளோ இருந்துதுன்னு இப்ப என்னால சொல்ல முடியாதும்மா. ஆனா காது கேட்டுக்கிட்டு இருந்தப்பவே வந்திருந்தா வேற வழிகள் இருந்திருக்கும். காதைக் காப்பாத்தப் பாத்திருக்கலாம். இப்போ காது போனது போனதுதான். முகத்து நரம்பு அதோடயே ஒட்டிக்கிட்டு இருக்கு. அதையாவது விட்டுவைக்கப் பாக்குறோம்."

பஸ்ஸில் திலகா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் அவள் வலப்பக்கம். பண்ருட்டி வரைக்கும் பேசிக்கொண்டே வந்தேன். எதற்கும் பதில் வரவில்லை. பலாப்பழம் ஏற்ற பஸ் நின்றபோதுதான் உறைத்தது, எந்தப் பக்கம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறேன் என்று.

3-5-2024, வெள்ளி

ஆபரேஷன் அடுத்த மாதம். பொறுக்க முடியாமல் இன்று கேட்டேவிட்டேன். "போன வருஷம் இரைச்சல் நின்னுபோச்சுன்னியே திலகா. அப்ப நின்னுதா, இல்லியா?"

கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள். "எங்க நின்னுது? ஒரு நாளும் நிக்கல. நின்னுபோச்சின்னு சொன்னாத்தானே நீங்க டப்பாவத் தொறப்பீங்க."

"பொய்யா சொன்ன?"

"வேற என்னா பண்ணச் சொல்றீங்க? அம்பது நாளு பொண்ணு கொரல காதோட வெச்சிக் கேக்கல. காதுல வண்டுதான் கத்திக்கினு இருந்துது. வண்டயும் கேட்டுக்கினு பொண்ணையும் கேக்கலாம்னு பாத்தேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே, நிக்கலன்னு."

கீரைக்கட்டைக் கீழே வைத்தாள்.

"சொன்னனே. மொத நாளே சொன்னனே. ரோலரு ஒண்ணு கத்துனா என்னா பண்ணுவீங்க? பெல்ட்ட நிறுத்தி எறங்கிப் பாப்பீங்கல்ல? எனக்கு என்னா பண்ணீங்க? எங்கையில இருந்தத புடுங்கி வெச்சீங்க. மேடையில வேற நிக்க வெச்சீங்க. அத்தினி பேரு கை தட்டுனாங்களே, எனக்கு ஒரு பக்கந்தான் கேட்டுது."

இருபத்தொன்பது வருஷத்தில் அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை. கத்தவும் இல்லை. மெதுவாகத்தான் பேசினாள். ஒரு வார்த்தை விடாமல் எனக்குக் கேட்டது.

11-6-2024, செவ்வாய்

ஒன்பது மணி நேரம். உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள்.

14-6-2024, வெள்ளி

வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். முகத்தின் வலப்பக்கம் இறங்கிவிட்டது. கட்டியைப் பிரிக்கும்போது நரம்பு நைந்துவிட்டதாம். கொஞ்சம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். வலது கண் மூடவில்லை. மணிக்கொரு தரம் சொட்டு மருந்து. காபி வாயோரம் வழிகிறது. நான் துடைக்கப் போனேன். புவனா துண்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

வராண்டாவில் வைத்து அவளிடம் பேசிப் பார்த்தேன். நல்லதுக்குத்தான் செய்தேன், கணக்குப் போட்டுத்தான் செய்தேன் என்றேன். அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. என்னை மாதிரியே கேள்வி கேட்கிறவள்.

"அந்தப் பட்டியல்ல மிக்ஸிகூட இருந்துதே. அம்மா எத்தனாவது இடத்துல இருந்தாங்கப்பா?"

15-6-2024

ஊருக்கெல்லாம் பலன் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுமாம். பானையில் விழுந்தது பல்லியாக இருந்திருந்தால் பரவாயில்லை. திலகாவைத் தள்ளிவிட்டு நான் சுவரிலேயே இருக்கிறேன்.

2-8-2024, வெள்ளி

புவனா இரண்டு மாதம் லீவு போட்டு இருந்துவிட்டு இன்று ஓசூர் போனாள். போகும் முன் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாள். கண் மருந்து நேரம், முகப் பயிற்சி நேரம். அடியில் பெரிய எழுத்தில்: 'அம்மாவிடம் இடப்பக்கம் நின்று பேசவும்.' வீட்டில் இருப்பது நான் ஒருவன். யாருக்கு எழுதியது என்று சொல்ல வேண்டியதில்லை.

அலுமினியத் தாளைப் பிய்த்துப் போட்டேன். பரிசுக் கடிகாரத்தைக் கழற்றிப் பரண்மேல் வைத்தேன். சான்றிதழைக் கிழிக்கப் போனபோது திலகா பார்த்துவிட்டாள். "இருக்கட்டும். கெடக்கட்டும்" என்றாள். சான்றிதழ் ஆணியிலேயே கிடக்கிறது. என் பெயர் அதில் பெரிதாக இருக்கிறது.

22-9-2024

ஸ்பீக்கரில் பேசாதே, காதில் வைத்தே பேசு என்று நானே சொன்னேன். "இருக்குறது ஒரு காது, அதுவும் போயிடப் போவுதுங்க" என்றாள். கேலியா, கோபமா, தெரியவில்லை. பாதி முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை.

17-11-2024

பெல்ட்டில் இன்று ரோலர் ஒன்று கத்தியிருக்கிறது. மைக்கேல்தான் கண்டுபிடித்தான். நான் அதைத் தாண்டி இரண்டு தரம் நடந்திருக்கிறேன். "என்னண்ணே, காதுல விழலையா?" என்றான். புகையும் வாசனை வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ரிப்போர்ட்டில் உள்ளதை உள்ளபடி நானே எழுதிக் கொடுத்தேன்.

5-1-2025, ஞாயிறு

புது டைரி கொடுத்தார்கள். இதுதான் கடைசி. ஏப்ரலில் ரிடையர்மென்ட், அப்புறம் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். சொந்த ஊர் காடாம்புலியூர் போவதா, ஓசூர் போவதா என்று திலகாவிடம் கேட்டேன், இடப்பக்கம் நின்றுதான். "நான் ஓசூரு போறேன்" என்றாள். போறோம் என்று சொல்லவில்லை.

12-1-2025, ஞாயிறு

வாசல் வராண்டாவில் எங்களுக்கு இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. காலைக் காபி அங்கேதான். அவள் நாற்காலி கதவோரம். என்னுடையதை ஆகஸ்டிலிருந்து அவளுக்கு இடப்பக்கம் போட்டு வைக்கிறேன். நான்கு நாளாகக் காலையில் வந்து பார்த்தால் அது வலப்பக்கம் கிடக்கிறது. பெருக்குகிற நாகம்மாள் மாற்றிப் போடுகிறாள் என்று நினைத்து எடுத்து இந்தப் பக்கம் போட்டுக்கொண்டேன். நேற்று நாகம்மாள் பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டாள். இன்றும் வலப்பக்கம்தான் கிடந்தது.

அதைத் தூக்கி இடப்பக்கம் போட்டுவிட்டுக் காபி எடுக்க உள்ளே போனேன். இரண்டு டம்ளரோடு திரும்பி வரும்போது கம்பிக் கதவு வழியாகப் பார்த்தேன். திலகா போனை இடது காதில் வைத்துப் புவனாவோடு சிரித்துக்கொண்டிருந்தாள். காலால் என் நாற்காலியை உந்தி, வலப்பக்கம் தள்ளிக்கொண்டிருந்தாள். வெகு நிதானமாக, பேச்சு விடாமல், நெடுநாள் பழகிய வேலை மாதிரி.

காபியைக் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். வலப்பக்கம் போய் உட்கார்ந்தேன். மன்னித்துக்கொள் என்று இதுவரை நான் அவளிடம் சொன்னதில்லை. இன்று சொன்னேன், கத்தாமல், மெதுவாக. அவள் திரும்பவில்லை. ரசத்துக்கு மிளகு எத்தனை என்று புவனாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நாற்காலியை நான் நகர்த்தவில்லை.